பந்தலுக்கடியில் தாய்ச்சி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியது நானேதான். எந்த மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை. எந்த மருந்துக்கடையும் மூடிக் கிடக்கவில்லை. கடைசியாக அளந்து பார்த்தபோது அழுத்தம் அளவோடு இருந்தது. அளவோடு இருப்பதற்கு எதற்கு மாத்திரை என்று ஒரு நாள் காலையில் எனக்கு ஞானம் பிறந்தது. வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி ஞானம் அடிக்கடி பிறக்கும். பின்னால் தேனியில் என்னைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மோட்டார் ஓடுறதாலதான் தொட்டியில தண்ணி நிக்குது. தொட்டிதான் நிறைஞ்சிருக்கேன்னு நீங்க மோட்டாரைக் கழட்டிட்டீங்க."

இரண்டாவது மடத்தனம் இதைவிடப் பெரியது. ஆனால் அதை நான் யோசித்துச் செய்யவில்லை. தலைசுற்றி விழுகிறவன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். என் இடதுபக்கம் கல்தூண் இருந்தது. நான் கட்டிப் பிடித்தது வலதுபக்கம் இருந்த நீல டிரம்மை. அதில் அன்றைக்குத் தெளிப்பதற்காகப் பூச்சிமருந்து கலக்கி வைத்திருந்தது.

எனக்கு வீடு கம்பத்தில். சுருளிக்குப் போகிற வழியில் என் அத்தா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்ட பந்தல். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரன் எவனும் தோட்டத்துக்குள் காலடியைப் பார்த்து நடப்பதில்லை. அண்ணாந்தபடியே நடப்பான். இலையின் அடியில் சாம்பல் நோய் பூத்திருக்கிறதா, குலை தொங்குகிறதா என்று கண் எப்போதும் மேலேயே இருக்கும். வரப்பும் வாய்க்காலும் காலுக்குத் தெரியும். அன்று காலையிலும் நான் அப்படித்தான் அண்ணாந்துகொண்டு நடந்தேன். பந்தல் சுற்ற ஆரம்பித்தது. பந்தல் சுற்றாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அது சுற்றியது.

விழுந்தேன். டிரம்மும் என்மேல் விழுந்தது. குபுகுபுவென்று வாந்தி. எழுந்து உட்கார்ந்தால் உடம்பு தானாகவே வலதுபக்கம் சாய்ந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் ஓடிவந்தாள். எங்கள் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக்கும் களைக்கும் ஆள் கூட்டிவருகிற மேஸ்திரி அவள்தான். அவள் கண்டது இது: தோட்டக்காரர் தரையில் கிடக்கிறார், மேலெல்லாம் மருந்து நாற்றம், வாயில் நுரை. இந்தப் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு.

"ஏலே ஓடியாங்கடா, ராவுத்தரு மருந்தக் குடிச்சிட்டாக."

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். நாக்கு வாய்க்குள்ளேயே புரண்டு வேறு ஏதோ சொன்னது. அது அவர்களுடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றை மறித்து என்னைத் தூக்கிப் போட்டார்கள். போகும் வழியில் நல்ல மனசோடு சோப்புத் தண்ணீரும் புகட்டினார்கள். யாருக்கும் அப்படிப் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவான் என்று பின்னால் மருத்துவர் திட்டினார். நான் பிழைத்ததற்குக் காரணம், புகட்டியதில் பெரும்பகுதி என் சட்டைக்குத்தான் போனது.

பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குள் என்னைக் கொண்டுபோனபோது ஜீப்காரர் சொன்ன ஒரே வரி, "மருந்துக் கேசு." அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. சட்டையை வெட்டி எறிந்து, உடம்பைக் கழுவி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னை அன்று முகர்ந்து பார்த்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மருந்துக் கேசு என்றால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஏட்டையா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அன்பாகக் கேட்டார்.

"எதுக்குக் குடிச்சீக ராவுத்தரே?"

"குடிக்கலை" என்றேன். அது என் வாயிலிருந்து வந்த விதத்தில் எனக்கே அதை நம்ப முடியவில்லை.

"சரி சரி. பழம் வெலை விழுந்துருச்சோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதில் அறை முழுவதும் சேர்ந்து ஆடியது.

"வீட்ல சண்டையோ?"

இங்கே நான் ஒரு கணம் யோசித்துவிட்டேன். காலையில் பணியாரத்துக்குச் சட்னி அரைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தது உண்மை. பொய் சொல்லக்கூடாதே என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தை அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குள் என் மனைவி ஜைத்தூன் வந்துவிட்டாள். எங்கள் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி பாதி தோளிலும் பாதி தரையிலுமாக இருந்தது. கூடவே அவளுடைய தம்பி மைதீன். அவள் அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"சட்னி அரைக்கலைங்கிறதுக்கா?"

என்னைக் காப்பாற்றியவர் அன்று பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர். சிறுபெண் போல இருப்பார். டார்ச்சை என் கண்ணில் அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பூச்சிமருந்து உள்ளே போனால் கண்ணின் கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிடுமாம். என்னுடையது சுருங்கவில்லை. பதிலாக, இரண்டு கண்ணும் ஒரு பக்கமாக நழுவுவதும் வெட்டி இழுத்துக்கொண்டு திரும்புவதுமாக இருந்தன. "உங்க மூக்கைத் தொடுங்க" என்றார். தொட்டேன். காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ தொட்டேன். அவர் ஏட்டையாவைப் பார்த்து, "சார், இவர் எதையும் குடிக்கலை. இது தலையில. உடனே தேனிக்குப் போகணும்" என்றார்.

ஏட்டையாவுக்கு ஏமாற்றம்தான். எழுதியதை அடித்துவிட்டுப் போனார். ஆனால் ஊர் தன் மனதில் எழுதியதை இன்றுவரை அடிக்கவில்லை.

தேனியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குறுகலான குழாய்க்குள் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு, கல்குவாரியைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் எம்.ஆர்.ஐ. வலிக்காது. நாம் செய்த பாவங்கள் மட்டும் வரிசையாக நினைவுக்கு வரும். மாத்திரை அட்டை மூன்றாவதாக வந்தது.

முடிவைச் சொன்ன நரம்பியல் மருத்துவர் இந்தப் பக்கத்துக்காரர். அதனால் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "மூளைக்கு ரத்தம் போறது வாய்க்கால் பாசனம் மாதிரி. உங்களுக்குப் பெரிய வாய்க்கால் அடைக்கலை. பின்னந்தலையில சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குப் போற சின்ன மடை ஒண்ணு அடைச்சு, கடைசி வயல் காஞ்சுபோச்சு." கை காலை அசை என்று உத்தரவு போடுவது பெருமூளை. அசைவது தள்ளாடாமல், தாண்டாமல், சிந்தாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வது சிறுமூளை. உத்தரவுக்கு எனக்குக் குறைவில்லை. மேற்பார்வைதான் போய்விட்டது.

"பயப்பட எதுவும் உண்டா டாக்டர்?" என்று மைதீன் கேட்டான்.

"உண்டு. சிறுமூளை இருக்கிற இடம் ரொம்ப நெருக்கடி. காஞ்ச இடம் வீங்குச்சுன்னா பக்கத்துல மூச்சை நடத்துற இடத்தை நெரிக்கும். அப்படி ஆனா மண்டையைத் திறக்க வேண்டி வரும். வீக்கம் வடியிற வரைக்கும் கண்கொத்திப் பாம்பா பாக்கணும்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நாட்களில் நான் நகைச்சுவையாக எதையும் நினைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மணிக்கொரு தரம் செவிலியர் வந்து பேரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், கண்ணில் வெளிச்சம் அடிப்பார். தூக்கம் வந்தால் அது தூக்கமா, மண்டைக்குள் வீங்குகிறதா என்று எனக்கே சந்தேகம். தூங்காமல் இருக்க முயன்றேன். பிறகு தூங்கிவிட்டு, விழித்ததும் பேரையும் ஊரையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பார்வை நேரத்தில் ஜைத்தூன் வந்து உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருப்பாள். கட்டில் கடல்போல ஆடியபோது நகராமல் இருந்தது அவள் கை பட்ட அந்த இடம் மட்டும்தான்.

தொண்டைக்கும் மேற்பார்வை இல்லாததால் விழுங்கவும் சோதனை உண்டு. கரண்டித் தண்ணீரைக் கொடுத்து, கழுத்தில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். தேறிய பிறகுதான் கஞ்சி. ஜைத்தூன் கொண்டுவந்த ஆட்டுக்கால் சூப்பை அதுவரை காத்திருப்புக் கூடத்தில் மைதீன் குடித்தான். குடித்துவிட்டுக் காப்பீட்டு அட்டை வரிசையில் போய் நிற்பான். ஒரு தாளுக்கு இன்னொரு தாள் கேட்பார்கள், அதற்கு நகல் கேட்பார்கள். தான் கணக்கெழுதுகிற மில் வேலையை எல்லாம் விட்டுவிட்டு அவன் அங்கேயே கிடந்தான். அதை நான் மறக்க மாட்டேன். அவன் மறக்கவும் விடமாட்டான்.

வீக்கம் வடிந்தது. வார்டுக்கு மாற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஜமாஅத்தில் மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் தம்பி" என்றார். பிறகு ஜைத்தூன் பக்கம் திரும்பி, ஆம்பளையிடம் அனுசரித்துப் போக வேண்டிய அவசியத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அவள் துப்பட்டியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள். அவர் போன பிறகும் அதை விலக்கவில்லை. எனக்கு அடைத்தது சின்ன மடை. அவளுக்கு ஊர் போட்ட பழி பெரிய வாய்க்காலில் வந்தது.

முதன்முதலாக எழுந்து நின்ற நாளை மறக்க முடியாது. காலில் பலம் இருந்தது. நிற்கத்தான் தெரியவில்லை. காலை அகட்டி வைத்து, கையை விரித்து, மூன்றடி வைத்தேன். நாலாவது அடி எனக்குச் சம்பந்தமில்லாத திசையில் போனது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் மதுவைத் தொட்டதில்லை. தொடாமலே அந்த நடை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அன்று மாலை ஜைத்தூன் பேச்சை எடுத்தாள்.

"தோட்டத்த மைதீன் குத்தகைக்கு எடுத்துக்கிறேங்கிறான்."

"ஏன், நான் செத்தாபோனேன்?"

"அண்ணாந்து பாத்தாலே சாயுறீக. தெராச்சக்காரன் அண்ணாராம எப்புடி? இன்னொருக்கா அந்தப் பந்தலுக்குள்ள இருந்து ஒங்களத் தூக்கிட்டு வர என்னால ஏலாதுங்க."

மைதீன் நாற்காலியில் நெளிந்தான். "மச்சான், நான் ஆசப்பட்டுக் கேக்கல. கவாத்துக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள நீங்க ஒரு வரிசை, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு, யாரு கையும் பிடிக்காம, கத்தரியோட நடந்து காட்டுங்க. தோட்டம் ஒங்களுது. இல்லாட்டி அக்கா சொல்றதக் கேளுங்க."

எங்கள் தோட்டத்தில் கவாத்தின் முதல் வரிசையைத் தோட்டக்காரன்தான் வெட்டுவான். அத்தா வெட்டினார், நான் வெட்டினேன். மைதீன் கேட்டது நியாயமான சோதனை. நியாயமானது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிஜி வந்தது மறுநாள். அந்த மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சையாளர்; உடம்பை மறுபடி பழக்குகிற வேலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கட்டப்பனைக்காரி. மலேசியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சில வருடம் வேலை பார்த்தவர். அங்கே சீனத்துப் பெரியவர்கள் விடியற்காலையில் புல்வெளியில் நின்று ஆடியதைப் பார்த்து, அவர்களோடு நின்று, அவர்களிடமே கற்றுக்கொண்டு வந்ததுதான் தாய்ச்சி. வழக்கமான பயிற்சிகளோடு அதையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சீனத் தத்துவம் பற்றி எப்போதோ படித்த இரண்டு புத்தகம் உள்ளே கிடந்தது. நிழலும் வெயிலும், மென்மையும் வன்மையும் என்று குழறிக் குழறி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். சிஜி பொறுமையாகக் கேட்டார்.

"கேக்க நல்லா இருக்கு சேட்டா. இப்ப வலது காலை ஒரு அடி முன்னே வைக்கு."

வைத்தேன். விழப்போனேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"காலை வைக்கச் சொன்னேன். ஆளை ஆரு கூடவே போகச் சொன்னா?"

தாய்ச்சியின் மொத்த ரகசியமும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நாம் நடப்பது உண்மையில் விழுவது. விழுவதற்குள் அடுத்த காலை ஊன்றிவிடுகிறோம். நல்ல சிறுமூளை உள்ளவனுக்கு அந்தச் சூதாட்டம் சரிப்படும். தாய்ச்சியில் அப்படி இல்லை. காலை வெறுமையாக முன்னே வைக்க வேண்டும். பூனை ஓட்டுமேல் வைக்கிற மாதிரி. தரை இருக்கிறது என்று பாதம் சொன்ன பிறகுதான் உடம்பின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்தபின் பின்கால் காலிக்குடம்போல் ஆகிவிடும். அதற்குப் பிறகே அதை எடுக்கலாம். எந்த நொடியில் நிறுத்தினாலும் விழமாட்டோம். ஐம்பது வயதைத் தாண்டி, ஓர் அடி வைப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று கற்றேன்.

அந்த அசைவுகளுக்குப் பெயர்கள் உண்டு. ஒன்றுக்குக் காட்டுக்குதிரையின் பிடரியைக் கோதுவது என்று பெயர். ராவுத்தர் என்றாலே குதிரைவீரன் என்று எங்கள் பெரியவர்கள் மார்தட்டுவார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவன் இல்லாத குதிரையின் இல்லாத பிடரியைக் கோதிக்கொண்டே பக்கவாட்டில் சரிந்ததை முன்னோர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது. இன்னொன்று மேகக் கைகள். இரண்டு கையும் மாறி மாறி முகத்துக்கு முன்னால் மிதந்து போகும். கண் கூடவே போகும். கால் பக்கவாட்டில் பதியும். சிஜி செய்யும்போது பார்க்க வேண்டும். சிகிச்சை அறையில் ஃபேன் ஓடும் சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருக்கும். நான் செய்தபோது பஸ்ஸில் கண்ணாடி துடைக்கிற மாதிரி இருந்தது என்று மைதீன் சொன்னான்.

"இது மந்திரம் அல்ல சேட்டா" என்று சிஜி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். "மாத்திரை வேணும், டாக்டர் வேணும். காஞ்சு போனது காஞ்சு போனதுதான். மிச்சம் இருக்கிற மூளைக்கு நாம் பாடம் எடுக்கிறோம். பையப் பைய எடுத்தா அது படிக்கும்."

வீட்டுக்கு அனுப்பும் நாளில், கூடவே ஓர் ஆள் எப்போதும் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். பட்டைக்கு ஜைத்தூன் வேறெங்கும் போகவில்லை. தன் வெள்ளைத் துப்பட்டியை முறுக்கி என் இடுப்பில் கட்டினாள். முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வாடிவாசலுக்கு இழுத்துப்போகிற காளைக்குக்கூட இவ்வளவு கெட்டியாகக் கயிறு போட மாட்டார்கள்.

காலையில் மொட்டைமாடியில் பயிற்சி. பக்கத்து மாடிகளில் வற்றல் காயப்போடும் வேலை திடீரென்று பெருகியது. "மருந்து தலைக்கேறிருச்சு போல" என்று ஒரு குரல் கேட்டது. ஜைத்தூனுக்குக் கேட்டிருக்கும். துப்பட்டியை விடாமல், என் பின்னால் நின்று, நான் வைத்த அடியைத் தானும் வைத்தாள். எனக்கு வழிகாட்ட வேண்டும் என்று ஆரம்பித்தாள். எனக்கு முன்பே அவளுக்கு வந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தடை இருந்ததால் வெகு நாள் தெரியவில்லை. ஒரு நாள் சுவரில் எங்கள் நிழல் விழுந்தது. முன்நிழல் நடுங்கியது. பின்நிழல் மேகமாகப் போனது. கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவள் ஆடி நான் பார்த்ததில்லை.

அடி தேறியது. சமதளத்தில் துப்பட்டி தொளதொளவென்று தொங்குமளவுக்குத் தேறியது. ஆனால் அண்ணாந்தால் போச்சு. பந்தல் உயரத்துக்குத் துணிக்கொடி கட்டி, அதில் கிளிப்புகளை மாட்டி, கவாத்து வெட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டே நடந்து பார்த்தேன். இரண்டாவது கிளிப்புக்கே துப்பட்டி விண்ணென்று இறுகியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் கிளிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, குத்தகைப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல் என்று கீழே இறங்கிவிட்டேன். மனிதனுக்கு ரோஷம் மட்டும் எந்த மடை அடைத்தாலும் காய்வதில்லை.

ஜைத்தூன் பத்திரம் கேட்கவில்லை. சிஜிக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். "இந்த மனுசன் நடக்கிறத ஒருக்கா பாருங்கம்மா" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். மறுபடியும் மாடி, மறுபடியும் கிளிப்பு. சிஜி இரண்டே தடவை பார்த்தார்.

"சேட்டா, நடக்கும்போ மேலே நோக்கிறதெந்தினு?"

"மேல பாக்காம எப்படி? திராட்சைக்காரங்க அப்படித்தான் நடப்போம்."

"அதுதான் தப்பு. உங்க பள்ளத்தாக்கில எல்லாரும் அப்படி நடப்பாங்க, சரி. அவங்களுக்குக் காலைப் பாக்க உள்ளே ஒரு ஆள் இருக்கு. உங்களுக்கு அந்த ஆள் இப்ப லீவு. நடக்கும்போ நடக்கணும். நின்னிட்டு நோக்கணும். மேகக் கையில கண்ணு எங்கே போகும்?"

"கை போற இடத்துக்கு."

"அப்ப கண்ணைக் கை கூட்டிட்டுப் போகட்டும். கண்ணு தனியாப் போக வேண்டாம்."

அத்தா காலத்திலிருந்து உடம்பில் ஊறிப்போன நடையை அன்றைக்கு அவிழ்க்க ஆரம்பித்தேன். அடி வை. எடையை ஊற்று. நில். கை எழட்டும், கண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே மேலே போகட்டும். வெட்டு. கை இறங்கட்டும், கண்ணும் கூடவே இறங்கட்டும். கண் தரைக்கு வந்து சேர்ந்த பிறகு அடுத்த அடி. தலை சுற்றல் ஓடிவிடவில்லை. ஆனால் வருகிற வழி தெரிந்துவிட்டதால் வாசலிலேயே நிறுத்திப் பேச முடிந்தது. கிளிப்புகள் ஒவ்வொன்றாய் இறங்கின. ஒரு நாள் வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தேன், திரும்புகிற முறைப்படி. துப்பட்டியின் முனை தரையில் கிடந்தது. ஜைத்தூன் அதை எப்போதோ விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

கவாத்து நாள் வந்தது. பேச்சியம்மாளின் ஆட்கள் கத்தரிகளோடு பந்தலுக்கு வெளியே நின்றார்கள். மைதீன் கைகட்டிக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்திருந்தான். இடுப்பில் எதுவும் இல்லாமல் நான் பந்தலுக்குள் போனேன். மாடி சமதளம், இது மண். வாய்க்கால் கரை ஓரிடத்தில் கால் பட்டு உதிர்ந்தது. காலில் எடையை இன்னும் ஊற்றவில்லை, அதனால் விழவில்லை. அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். கை எழுந்தது. வெட்டினேன். குச்சி விழுந்தது. பாதி வரிசையில், நான் டிரம்மைக் கட்டிப் பிடித்த இடத்தில், பந்தல் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றேன். கண்ணைக் கையில் வைத்துக்கொண்டேன். பந்தல் தானாக நின்றது. எனக்கு முன்னால் வரிசையின் கடைசியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும், பார்க்கவில்லை. அடி, எடை, கை, கண். கடைசிக் கொடியை வெட்டிவிட்டுத் தலையைத் தூக்கினபோது அந்த வெள்ளை ஜைத்தூனாக இருந்தது. அவள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

"தோட்டம் நம்மகிட்டயே இருக்கட்டும்ப்பா" என்று தம்பியிடம் சொன்னாள். மைதீன் தலையாட்டினான். அவன் மூக்கை உறிஞ்சியது சளியால் என்று இன்றைக்கும் சாதிக்கிறான்.

நான் பெருமையோடு அடுத்த வரிசைக்குத் திரும்பினேன். பேச்சியம்மாள் வந்து என் கையிலிருந்த கத்தரியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் நடக்குறீகண்ணே, கண்ணு பட்டுரும். ஆனா இந்த நடையில நீங்க கடைசி வரிசையக் கவாத்து வெட்டுறதுக்குள்ள, நாங்க இந்த மொத வரிசையில பழமே பறிச்சிருவோம்."